தொட்டில் கொக்கி

டாக்டர் அந்த வார்த்தையை முதலில் இங்கிலீஷில்தான் சொன்னார். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"முன்தோலை எடுத்துடலாம்ங்க. சுன்னத்து பண்றதுன்னு சொல்வாங்களே, அதேதான்."

"சார், நான் இந்து" என்றேன்.

"அது உங்க சுகருக்குத் தெரியாதுங்களே" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கக்கூட இல்லை, அடுத்த ஆளுக்கு மணி அடித்துவிட்டார்.

புத்தூரில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. தெரிந்தவர்கள் கண்ணில் படாத ஒன்றாகப் பார்த்து வந்திருந்தேன். சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிவிட்டது. அது கண்ணைக் கெடுக்கும், காலைக் கெடுக்கும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். இங்கேயும் கை வைக்கும் என்று ஒருத்தரும் சொல்லித் தொலைக்கவில்லை. தோல் இறுகி, வெடிப்பு விட்டு, ஒன்றுக்குப் போவதே தண்டனையாகிவிட்டது. களிம்பு தடவிப் பார்த்தாயிற்று, மாத்திரை விழுங்கியாயிற்று. கடைசியில் கத்திதான் என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டார்.

வெளியே வந்ததும் ஒரு நர்சம்மா பிடித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை வந்துடுங்க. ஒரு நாள் தங்கணும். கூட யாரு வருவாங்க?"

"யாராவது வருவாங்க."

"யாராவதுன்னா எப்படிங்க? ஆம்பளை ஆளா ஒருத்தரு கண்டிப்பா வேணும். மகன் இருக்காங்களா?"

"மக இருக்கா. பெங்களூர்ல."

"மருமகன்?"

"அவரும் பெங்களூர்தான்."

"தம்பி, மச்சான், பக்கத்து வீடு?"

என் சொந்தபந்தம் முழுவதையும் அங்கேயே நிற்க வைத்து எண்ணிவிடுவார் போலிருந்தது. "கூட்டிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடித்தேன். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்வரை யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்றே யோசித்தேன். பாலம் முடிந்தும் ஒரு பேர் அகப்படவில்லை.

என் பேர் பிச்சமுத்து. பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை செக்ஷனில் நின்றே என் காலம் போயிற்று. எத்தனையோ ஊர்ப் பெண்களுக்கு முகூர்த்தப் புடவை எடுத்து விரித்திருக்கிறேன். மணப்பாறையிலும் மருங்காபுரியிலும் இருந்து வேன் வைத்துக்கொண்டு வந்து, "பிச்சமுத்து அண்ணன் இருக்காரா?" என்று கேட்டு நிற்பார்கள். இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஓர் ஆள் இல்லை. இதை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

என் மனைவி பிரேமலதா போன பிறகு, பழைய வீட்டில் இருக்கப் பிடிக்காமல், அம்மா மண்டபம் ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில் மாடி வீடு பார்த்தேன். தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும், சமையலறை ஓர் ஆள் நின்றால் நிறைந்துவிடும். ஆனால் படுக்கையறைக் கூரையில் ஒரு தொட்டில் கொக்கி இருந்தது. நல்ல தடிமனான இரும்பு. அதைப் பார்த்துத்தான் வீட்டுக்காரரிடம் சரி என்றேன். என் மகள் இளவேனிலுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறது. வாராவாரம் போனில் பேசும்போது, பேச்சு தீர்ந்துபோகிற இடத்தில், "இங்க கொக்கி சும்மாதாம்மா தொங்குது" என்று சொல்லிவைப்பேன். கேலியாகத்தான் சொல்வேன். அவளும் "சரிப்பா" என்பாள். அதற்கு மேல் நான் கிளறுவதில்லை.

அவளிடம் இந்த ஆபரேஷனைப் பற்றி என்ன சொல்வது? மகன் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது சொல்லிவிடலாம். மகளிடம் எந்த வாயால் சொல்வது? எங்கள் வீட்டில் எதுவாக இருந்தாலும் பிரேமலதா வழியாகத்தான் போகும், வரும். இளவேனில் பெரிய மனுஷி ஆனது, படிப்பை மாற்றிக்கொண்டது, மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்றது, எல்லாமே பிரேமலதா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததும் அப்படித்தான் இருக்கும். இப்போது நாங்கள் இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொள்கிறோம். மழை பெய்ததா, சாப்பிட்டீங்களா என்பதோடு முடிந்துவிடுகிறது.

ஹெர்னியா என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அந்த யோசனையே இளவேனிலிடமிருந்து கிடைத்ததுதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு அந்த ஆபரேஷன் நடந்தது. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கே போன் பண்ணினாள். தொப்புளுக்கு மேலே ஒரு சின்ன ஓட்டையாம், வலை மாதிரி ஒன்றை வைத்துத் தைத்துவிட்டார்களாம், கொஞ்ச நாளைக்கு வெயிட் தூக்கக் கூடாதாம். கிளம்பி வரட்டுமா என்று கேட்டதற்கு, "நீங்க வந்து என்னப்பா பண்ணப் போறீங்க, சின்ன விஷயம்" என்றாள். எனக்கு மனசு சுருங்கிவிட்டது. ஆனாலும் அவள் சொன்னதெல்லாம் ஞாபகத்தில் இருந்தது. அதை அப்படியே திருப்பிச் சொன்னால் போயிற்று.

அன்று சாயங்காலமே போன் பண்ணினேன்.

"எனக்கும் உன்னைய மாதிரியே ஹெர்னியாவாம்மா. தொப்புளுக்கு மேல சின்ன ஓட்டை. வலை வச்சுத் தைக்கணும்னு டாக்டர் சொல்றாரு. கொஞ்ச நாளைக்கு வெயிட் தூக்கக் கூடாதாம். மத்தபடி ஒண்ணுமில்ல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை.

"எப்பப்பா?" என்றாள் கடைசியில்.

"வெள்ளிக்கிழமை."

"சரிப்பா. பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டாள்.

நான் வரட்டுமா என்று அவள் கேட்பாள், வேண்டாம்மா என்று நான் சொல்ல வேண்டும் என்று நினைத்து, அதற்கு ரெண்டு மூன்று காரணம்கூடத் தயார் பண்ணி வைத்திருந்தேன். கேட்கவே இல்லை. பொய் சொன்னவன் நான். ஆனாலும் அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை, அவள் மேல்தான் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் மலைக்கோட்டை பக்கம் போனேன். தெப்பக்குளத்தையொட்டி ஒரு டீக்கடை உண்டு. கடையில் வேலை பார்த்த காலத்திலிருந்து நானும் சேக் மைதீன் பாயும் டீ குடிக்கிற இடம். அவர் வேட்டி துண்டு செக்ஷன், நான் புடவை. நடுவில் ஒரு படிக்கட்டுதான். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார், பாலக்கரையில் சொந்த வீடு. ஒரே மகன் மன்சூர் ஷார்ஜாவில் இருக்கிறான்.

"என்னய்யா முத்து, மூஞ்சி சரியில்லையே?" என்றார்.

"பாய், ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"சிரிக்கிற மாதிரி இருந்தா சிரிப்பேன். சொல்லு முதல்ல."

சொன்னேன். டீ மாஸ்டர் காதில் விழாமல், தெப்பக்குளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பாய் டீ கிளாசைக் கீழே வைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ்" என்றார்.

"எதுக்குய்யா மாஷா அல்லாஹ்? நான் உசிரு போயிக் கிடக்கேன்."

"அட, நல்ல காரியம்தான? இப்ராஹிம் நபிக்கு எண்பது வயசுல நடந்துச்சுன்னு சொல்வாங்க. உனக்கு என்ன, சின்னப் பையன்."

"உங்களுக்கு அது மார்க்கம் பாய். எனக்கு அது சீக்கு."

"வெட்டு ஒண்ணுதானய்யா" என்றார் பாய். "வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை இருக்கு. அது மட்டும் போயிட்டு வந்துடுவேன். மத்த நேரமெல்லாம் உன் கூடத்தான்."

நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் அதைக் கவனிக்காத மாதிரி இன்னொரு டீ சொன்னார். அப்புறம் தன் கதைக்குப் போய்விட்டார். மன்சூருக்கு ரெண்டு ஆண் பிள்ளைகள். ரெண்டு பேருக்கும் பிறந்த கையோடு அங்கே ஆஸ்பத்திரியிலேயே சுன்னத்தை முடித்துவிட்டார்களாம். "'அத்தா, முடிஞ்சிருச்சு'ன்னு போன்ல ஒரு வாய்ஸ் மெசேஜ். அவ்வளவுதான். ஒரு பிரியாணி கிடையாது, ஒரு மாலை கிடையாது. வீட்டுல ஷரபு ரெண்டு நாள் பேசவே இல்ல. மன்சூருக்கு எப்படிச் செஞ்சோம், உனக்கு ஞாபகம் இருக்கா?"

மறக்குமா? மன்சூரின் சுன்னத்துக்கு எங்கள் கடையே திரண்டு போனது. ஏழு வயசுப் பயலுக்கு ஜரிகைத் தொப்பி, ரோஜா மாலை. குதிரையில் உட்கார வைத்துத் தெருவைச் சுற்றி வந்தார்கள். வீடு கொள்ளாத கூட்டம். அவன் கூடத்தில் படுத்திருந்தான். இடுப்புக்கு மேலே ஒரு வெள்ளை வேட்டியைக் கூரையிலிருந்து கயிற்றில் தூக்கிக் கட்டியிருந்தார்கள், புண்ணில் துணி உரசக் கூடாது என்பதற்காக. சின்னக் கூடாரம் மாதிரி இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் அவன் தலையைத் தடவிக் கையில் எதையாவது கொடுத்தார்கள். பாயின் மனைவி ஷரபுன்னிசா பக்கத்தில் உட்கார்ந்து, அவித்த முட்டையை நெய்யில் தொட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். இளவேனிலுக்கு அப்போது ஆறு வயசு. என் விரலைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூடாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்பா, எனக்கு எப்பப்பா இது?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். கூடமே சிரித்தது. அவள் முகம் கோணி அழப்போனதும், ஷரபுன்னிசா கூப்பிட்டு ஒரு முட்டையைக் கையில் கொடுத்தார். ரெண்டு கையாலும் வாங்கித் தின்றாள்.

வெள்ளிக்கிழமை பாய் எனக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு பை. வார்டு நர்ஸ் பொண்ணு எங்கள் ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு என்னிடம், "என்ன பாய், இத்தனை வயசுக்கப்புறமா? சின்னதுல செய்யலீங்களா?" என்றது.

"நான் பாய் இல்லம்மா."

"அப்ப இவரு?"

"இவரு பாய்."

"அப்ப இன்னிக்கு யாருக்கு?" என்று குழம்பிப்போய்க் கேட்டது. பாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தாலும் கொஞ்சம் பயம் தெளிந்தது.

உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டார்கள். நடுவில் ஒரு பச்சைத் துணியைத் திரையாகப் போட்டுவிட்டார்கள். டாக்டரும் இன்னொருவரும் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வேலை பார்த்தார்கள். வலி இல்லை. மன்சூரின் ரோஜா மாலை ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கூட்டம், அந்தக் குதிரை, முட்டை ஊட்டிய அந்தக் கை. பிரேமலதா இருந்திருந்தால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஸ்ரீரங்கத்துப் பெருமாளையும் சமயபுரத்தாளையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை எட்டவில்லை. "வலிக்குதுங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இன்னொரு ஊசி போட்டார்கள்.

வார்டுக்கு வந்ததும் போனைப் பார்த்தேன். இளவேனில் ஒரு மெசேஜ் போட்டிருந்தாள். "முடிஞ்சதாப்பா?" என்று கேட்டிருந்தாள். முடிஞ்சது என்று அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். வரும் வழியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிய பாய், ஒரு ரோஜா மாலையோடு ஏறினார்.

"என்ன பாய் இது? ஊரைக் கூட்டப் போறீங்களா?"

"மாலை இல்லாம எப்படிய்யா?"

"என் கழுத்துல விழுந்துச்சுன்னா குதிச்சிருவேன்."

"குதி பாப்போம்" என்றார். நான் குதிக்கிற நிலைமையிலா இருந்தேன்? கடைசியில் மாலை பிரேமலதாவின் போட்டோவுக்குப் போயிற்று. அவளுக்கு ரோஜா பிடிக்கும்.

பாய் பையிலிருந்து ஒரு பழைய மல்லு வேட்டியை எடுத்தார். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது. அதன் நடுவில் ஒரு புளியங்கொட்டையை வைத்து, துணியோடு சேர்த்துச் சுருக்குப் போட்டு, கயிற்றைக் கட்டினார். வேட்டி வியாபாரி அல்லவா, முடிச்சு நழுவாது. பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"ஃபேன்ல கட்டினா ஃபேன் போட முடியாது. இந்தா, கொக்கியே இருக்கே."

"அது வேணாம் பாய்."

"ஏன்?"

"அது தொட்டிலுக்கு."

பாய் ஸ்டூலில் ஏறி நின்றபடி என்னைப் பார்த்தார். "தொட்டில் வர்றப்ப அவுத்துக்கலாம்யா. இப்ப உனக்குத்தான் அவசரம்" என்று கட்டிவிட்டார். வேட்டி என் இடுப்புக்கு மேலே நிமிர்ந்து நின்றது. உரசல் இல்லை, எரிச்சல் இல்லை, காற்று போய் வந்தது. எவன் கண்டுபிடித்தானோ, கெட்டிக்காரன்.

அதற்கு அடுத்த நாட்கள் மோசமானவை. பாய் மத்தியானம் வருவார், ஷரபுன்னிசா கொடுத்துவிட்ட தூக்குவாளியை வைப்பார், நான் சாப்பிடும்வரை இருந்துவிட்டு, மழை வரும்போல இருக்கிறது என்றோ தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்றோ கிளம்புவார். எழுந்து தாழ்ப்பாளைத் திறக்க வேண்டாம் என்று கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போவார். அவர் போன பிறகு மல்லாந்து படுத்துக் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கவாட்டில் திரும்ப முடியாது. சந்தில் போகிறவர்களின் பேச்சு மேலே வரும். கோயிலுக்குப் போகிறவர்கள், காவிரிக்குக் குளிக்கப் போகிறவர்கள், புளியோதரையில் உப்புக் குறைவு என்று சண்டை போட்டுக்கொண்டு திரும்புகிறவர்கள். யாராவது தவறிப்போய் மாடி ஏறி வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். யாருமே வரமாட்டார்கள் என்பதும் தெரியும். தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பழகவில்லை. எனக்கு என் மகள் வேண்டும் போலிருந்தது. அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றும் இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் பாய் தூக்குவாளியை வைத்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வருகிறார் என்று நினைத்தேன்.

"என்ன பாய், தொப்பியை விட்டுட்டீங்களா?"

கதவைத் திறந்துகொண்டு இளவேனில் நின்றாள். தோளில் ஒரு பை. பஸ்ஸில் வந்த கசங்கல் முகத்தில் இருந்தது. அவள் பார்வை முதலில் என் மேல் விழவில்லை. கொக்கிக்குப் போயிற்று. அங்கிருந்து கயிறு வழியாக இறங்கி, வேட்டிக்கு வந்து, அப்புறம்தான் என் முகத்துக்கு வந்தது.

எனக்கு அப்படியே கட்டிலோடு கீழ் வீட்டுக்குள் போய்விட வேண்டும் போலிருந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவள் பையை இறக்கி வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இது ஹெர்னியா இல்லப்பா" என்றாள்.

"யாரு சொன்னா?"

"மன்சூருக்கு இப்படித்தான் கட்டியிருந்தாங்க. நான் பாத்திருக்கேன்."

நான் சுவரில் உரிந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினேன்.

"சுகராலயா?"

"ம்."

"கூட யாரு போனா? மைதீன் மாமாவா?"

"ம்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்னப்பா?"

அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "எப்படிச் சொல்றது? பொம்பளப் பிள்ளைகிட்ட எப்படிம்மா சொல்றது? நீ மட்டும் என்ன, உன் ஆபரேஷனை முடிஞ்சப்புறம்தான சொன்ன? நான் சொன்னப்பவும் வரட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டியா? கட்டைவிரலைத் தூக்கிக் காட்டற!"

அவள் கோபப்படவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொப்புளுக்கு மேல சின்ன ஓட்டை. வலை வச்சுத் தைப்பாங்க. வெயிட் தூக்கக் கூடாது" என்றாள் மெதுவாக. "நான் சொன்னதை அப்படியே சொன்னீங்க. ஒரு வார்த்தை மாறல. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சுப்பா, நீங்க எதையோ மறைக்கிறீங்கன்னு. அன்னிலேருந்து எனக்குத் தூக்கமில்ல. கேன்சரா இருக்குமோன்னு நெனச்சுட்டேன்."

"ஒரே ஆபரேஷன்னா ஒரே வார்த்தைதான வரும்? அதுல என்ன கண்டுபிடிச்ச?"

"எனக்கு ஹெர்னியா இல்லப்பா."

நான் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தேன்.

"கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க" என்றாள். "நிறையக் கட்டி. ரத்தம் நிக்கவே இல்ல. வேற வழியில்லன்னு சொல்லிட்டாங்க. நெட்ல பாத்துத்தான் ஹெர்னியாவைப் பத்திப் படிச்சேன், உங்ககிட்ட சொல்றதுக்கு."

சந்தில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். நான் மல்லாந்து படுத்திருந்தேன். கண்ணுக்கு நேரே அந்தக் கொக்கி. ரெண்டு வருஷம். வாராவாரம். இங்க கொக்கி சும்மாதாம்மா தொங்குது, இங்க கொக்கி சும்மாதாம்மா தொங்குது. ஒவ்வொரு தடவையும் சரிப்பா என்றாளே. எப்படிச் சொன்னாள்? போனை வைத்த பிறகு என்ன செய்திருப்பாள்?

"அம்மா இருந்திருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள். "அம்மா உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க. எனக்கு எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல."

எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது.

"கூட யாரும்மா இருந்தாங்க உனக்கு?"

"அவரு ஜெர்மனியில இருந்தாரு அப்ப. டிக்கெட் கெடைக்க நாளாயிடுச்சு. பெலிண்டான்னு ஆபீஸ்ல பக்கத்து சீட்டு. அவதான் வந்தா. அவளுக்குக் கைக்குழந்தை இருக்கு, சாயங்காலம் போயிட்டா. அப்புறம் தனியாத்தான் இருந்தேன்."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். வேட்டி ஒரு பக்கம் இழுத்தது, சுரீர் என்றது.

"ஐயோ, அசையாதீங்கப்பா!" என்று அவள் குனிந்தாள். குனிந்த தலை என் கைக்கு எட்டியது. கையை வைத்தேன். அவள் எடுக்கச் சொல்லவில்லை. முடியெல்லாம் பஸ்ஸின் தூசி. அப்படியே கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். பிரேமலதா செத்த அன்றைக்குக்கூட என் முன்னால் அவள் அப்படி அழவில்லை. நானும் அழுதேன். மறைக்க எங்களுக்கு இனி என்ன இருந்தது?

ரெண்டு பேரும் ஓய்ந்த பிறகு, எனக்குப் பக்கத்தில் இருந்த தூக்குவாளியைக் காட்டினேன்.

"அதை எடு."

மேல் தட்டில் சோறும் ரசமும் இருந்தன. கீழே ஒரு சின்னக் கிண்ணத்தில் நெய்யும், துணியில் சுற்றிய அவித்த முட்டைகளும். தினமும் ஷரபுன்னிசா கொடுத்துவிடுவது. ஒன்றை எடுத்து உரித்தேன். ஓடு துண்டு துண்டாக வந்தது. நெய்யில் தொட்டு அவளிடம் நீட்டினேன்.

"இது உங்களுக்குப்பா. புண்ணு ஆறுறதுக்கு."

"வெட்டுப்பட்டவங்களுக்குத்தான் குடுப்பாங்க. வாங்கிக்க. உனக்கு ஆபரேஷன் ஆனப்ப யாரும் குடுக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். ஆறு வயசில் வாங்கியது போலவே ரெண்டு கையாலும் வாங்கினாள். வாய் நிறைய முட்டையோடு மறுபடி கண் கலங்கிற்று. நெய் முழங்கை வரை வழிந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணாந்து பார்த்தாள். நான் எழப் பார்த்ததில் கயிறு தளர்ந்து, வேட்டி சரிந்திருந்தது. ஸ்டூலின் மேல் ஏறினாள். என் பக்கம் பார்க்காமல், கயிற்றை இழுத்து, கொக்கியில் இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கட்டியவள் உடனே இறங்கவில்லை. அந்த இரும்பைக் கையால் ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள்.

"நல்ல கெட்டியா இருக்குப்பா" என்றாள்.

அந்தக் கொக்கியைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. இன்னொரு முட்டையை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.